விலை திரட்டும் பைத்தான்

நாளிதழின் வணிகப் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனிகளின் பெயர்களும் அவற்றுக்கு எதிரே எண்களும் பொடி எழுத்தில் வரிசையாக அச்சாகியிருக்கும். அவைதாம் பங்கு விலைகள். ஐம்பது கம்பெனிகளின் விலையை ஓராண்டுக் காலம் நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும் என்று உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? பங்குச் சந்தை ஆண்டுக்குச் சுமார் 250 நாட்கள் நடைபெறுகிறது. 50ஐ 250ஆல் பெருக்கினால் 12,500 எண்கள். ஓர் எண்ணைப் பார்த்து எழுத 20 விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,50,000 விநாடி. அதாவது ஏறத்தாழ 69 மணி நேரம். அதற்குள் கை வலிக்கும், கண் அயரும், 485 என்பதை 458 என்று எழுதிவிடுவோம்.

இதே வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தால் ஒரு நாள் கணக்கு சில விநாடிகளில் முடிந்துவிடும். அதற்குக் கை வலி இல்லை. எண்களை இடம் மாற்றி எழுதும் பழக்கமும் இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. கணிப்பொறிக்கு எண் தெரியும். அந்த எண்ணின் பொருள் தெரியாது. கண்ட எண்ணை அப்படியே நம்பி எழுதிக்கொள்ளும். இந்தக் குறையால் சில நிமிடங்களில் ஒரு பெரிய கம்பெனியின் பங்கு விலை நான்கில் ஒரு பங்காகச் சரிந்த நிகழ்ச்சியும் நடந்திருக்கிறது. ஆகவே விலைகளைத் திரட்டக் கணிப்பொறிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது, திரட்டியதைச் சந்தேகப்பட எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பங்கு விலை என்பது என்ன?

ஒரு கம்பெனியின் உடைமை உரிமையைச் சம பாகங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு பாகமும் ஒரு பங்கு. ஒரு கம்பெனி 1,00,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அதில் 1,000 பங்குகளை வைத்திருப்பவர் அந்தக் கம்பெனியில் நூற்றில் ஒரு பாகத்துக்கு உடைமையாளர். இந்தப் பங்குகளை வாங்கவும் விற்கவும் உள்ள இடமே பங்குச் சந்தை. தக்காளிச் சந்தையைப் போலவே இங்கும் வாங்குபவர் மிகுந்தால் விலை ஏறும். விற்பவர் மிகுந்தால் இறங்கும்.

ஒரே நாளில் ஒரே பங்கு ஆயிரக்கணக்கான தடவை கைமாறலாம். ஒவ்வொரு முறையும் விலை சற்று மாறும். அவ்வளவையும் எழுதி வைப்பது கடினம். ஆகவே ஒரு நாளுக்கு ஐந்து எண்களைக் குறித்துக்கொள்வது வழக்கம்: தொடக்க விலை, அன்றைய உச்ச விலை, அன்றைய தாழ்ந்த விலை, இறுதி விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை.

இவற்றில் இறுதி விலை என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அன்றைய கடைசி வியாபாரம் நடந்த விலைதான் இறுதி விலை என்று நினைப்போம். இந்தியச் சந்தைகளில் பல ஆண்டுகளாகக் கையாளப்பட்ட முறை வேறு. கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வியாபாரங்களின் சராசரியைக் கணக்கிட்டு, அதையே இறுதி விலை என்று அறிவித்தார்கள். வலைத்தளத்தில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதை எடுக்க வேண்டும் என்பதைக் கணிப்பொறி முடிவு செய்யாது. அது நம் வேலை.

காகித நாடாவிலிருந்து வலைப்பக்கம் வரை

விலைகளை உடனுக்குடன் திரட்ட வேண்டும் என்ற ஆசை புதியதன்று. 1867ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் கேலஹன் என்பவர் ஒரு கருவியைச் செய்தார். நியூயார்க் பங்குச் சந்தையின் விலைகள் தந்திக் கம்பி வழியாக வந்து, நீண்ட காகித நாடாவில் எழுத்தாகவும் எண்ணாகவும் அச்சாயின. அது இயங்கும்போது 'டிக், டிக்' என்று ஓசை எழுந்ததால் அதற்கு 'டிக்கர்' என்று பெயர் வந்தது. பின்னர் தாமஸ் ஆல்வா எடிசன் இக்கருவியைச் செம்மைப்படுத்தினார். தரகர்களின் அலுவலகங்களில் ஒருவர் நாடாவைப் படிக்க, விலைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள்.

இன்று நாடாவின் இடத்தில் வலைப்பக்கம் இருக்கிறது. நாடாவைப் படித்தவரின் இடத்தில் நாம் ஒரு நிரலை அமர்த்தப் போகிறோம். நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் வரிசையாக எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு. வலைப்பக்கத்திலிருந்து தகவலை நிரல் மூலம் எடுக்கும் இந்த முறைக்கு 'வெப் ஸ்கிரேப்பிங்' என்று பெயர். ஸ்கிரேப்பிங் என்றால் சுரண்டி எடுத்தல். தேங்காய் மூடியிலிருந்து துருவலை எடுப்பது போல, பக்கத்திலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கணிப்பொறியின் கண்ணுக்கு ஒரு பக்கம்

வலைப்பக்கத்தில் நமக்கு வண்ணமும் படமும் கட்டம் போட்ட அட்டவணையும் தெரிகின்றன. கணிப்பொறிக்கு வந்து சேர்வதோ நீண்ட எழுத்துத் தொடர். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் உலகளாவிய வலையின் திட்டத்தை முன்வைத்தார். பக்கங்களை எழுதுவதற்காக அவர் வகுத்த குறிமுறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர்.

மளிகைக் கடையில் வரிசையாக டின்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் துவரை, உளுந்து, மிளகு என்று சீட்டு ஒட்டியிருக்கும். எச்.டி.எம்.எல். செய்வதும் இதுதான். ஒவ்வொரு தகவலின் முன்னும் பின்னும் ஒரு சீட்டு. 'டேபிள்' என்ற சீட்டுக்குள் ஓர் அட்டவணை முழுவதும் அடங்கும். அதற்குள் 'டி.ஆர்.' என்ற சீட்டு ஒரு வரிசையைக் குறிக்கும். வரிசைக்குள் 'டி.டி.' என்ற சீட்டு ஒரு கட்டத்தைக் குறிக்கும். கட்டத்துக்குள் இருப்பதுதான் நாம் தேடும் விலை. 'விலை அட்டவணைக்குப் போ. இந்தக் கம்பெனியின் வரிசையைக் கண்டுபிடி. அதில் இறுதி விலைக் கட்டத்தைத் திற' என்று சொல்லத் தெரிந்தால் வேலையில் பாதி முடிந்தது.

பைத்தான் வந்த கதை

இந்தக் கட்டளைகளை எழுத ஒரு மொழி வேண்டும். கணிப்பொறி மொழிகள் பல இருந்தாலும் இவ்வேலைக்குப் பலரும் விரும்புவது பைத்தான். நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் ரோஸம் 1989 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது இம்மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1991இல் அது வெளியிடப்பட்டது. பெயரைக் கேட்டதும் மலைப்பாம்பு நினைவுக்கு வரும். ஆனால் பெயர் வந்தது 'மான்ட்டி பைத்தான்' என்ற ஆங்கில நகைச்சுவைக் குழுவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து.

பைத்தானின் பெரிய வசதி, பிறர் எழுதி வைத்த கட்டளைத் தொகுப்புகளை நாமும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது. நம் வேலைக்கு மூன்று தொகுப்புகள் உதவும். வலைத்தளத்துக்குச் சென்று பக்கத்தைக் கேட்டு வாங்கி வருவது 'ரிக்வெஸ்ட்ஸ்'. வந்த பக்கத்தில் சீட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது 'பியூட்டிஃபுல் சூப்'. இதை லியனார்ட் ரிச்சர்ட்சன் 2004இல் வெளியிட்டார். எடுத்த எண்களை அட்டவணையாக அடுக்கிக் கணக்குப் போடுவது 'பாண்டாஸ்'. முதலீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த வெஸ் மெக்கின்னி 2008இல் பாண்டாஸை எழுதத் தொடங்கினார். பங்குச் சந்தைக் கணக்குகளுக்காகப் பிறந்த அந்தத் தொகுப்பு இன்று எல்லா அறிவியல் துறைகளிலும் பயன்படுகிறது.

நிரலின் ஆறு படிகள்

கணிப்பொறி மொழியில் எழுதுவதற்கு முன் தாய்மொழியில் படிப்படியாக எழுதிக்கொள்வது நல்ல பழக்கம். நம் நிரலுக்கு ஆறு படிகள் உள்ளன.

முதல் படி: பக்கத்தைக் கேள். நிரல் வலைத்தளத்தின் சர்வருக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புகிறது. பதிலோடு ஒரு குறியெண்ணும் வரும். 200 என்றால் பக்கம் சரியாகக் கிடைத்தது. 404 என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை. 429 என்றால் 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய், பொறு' என்று பொருள். ஆகவே 200 வந்தால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லும்படி எழுத வேண்டும். இல்லாவிட்டால் 'பக்கம் இல்லை' என்ற அறிவிப்புக்குள் போய் விலையைத் தேடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் படி: கட்டத்தைக் கண்டுபிடி. 'நான்காவது கட்டத்தில் உள்ளதை எடு' என்று எழுதுவது எளிது. ஆனால் வலைத்தளக்காரர் நாளைக்கே நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால், நான்காவது கட்டத்தில் இறுதி விலைக்குப் பதில் உச்ச விலை இருக்கும். நிரல் புகார் சொல்லாமல் தவறான எண்ணை எடுத்து வரும். ஆகவே பத்தியின் தலைப்பைப் படித்து, 'இறுதி விலை' என்ற தலைப்பின்கீழ் உள்ளதை எடுக்கச் சொல்ல வேண்டும். தலைப்பே காணவில்லையென்றால் நிரல் நின்றுவிட வேண்டும். தவறான எண்ணைத் தருவதைவிட நின்றுபோவது மேல்.

சில தளங்களில் பக்கம் முதலில் வெற்றுக் கட்டங்களோடு வந்து சேரும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற மற்றொரு நிரல் பின்னர் வந்து எண்களை நிரப்பும். அங்கே நம் நிரலுக்குக் காலிக் கட்டம்தான் கிடைக்கும். அத்தகைய பக்கங்களுக்கு உலாவியையே இயக்கிப் பார்க்கும் 'செலீனியம்' போன்ற கருவிகள் உள்ளன.

மூன்றாம் படி: எழுத்தை எண்ணாக்கு. பக்கத்தில் இருக்கும் 1,245.50 என்பது நமக்கு எண். கணிப்பொறிக்கு அது இன்னும் எழுத்துத் தொடர்தான். நடுவிலுள்ள காற்புள்ளியை நீக்கிய பிறகே அதை எண்ணாக மாற்ற முடியும். இங்கேயும் கவனம் வேண்டும். ஜெர்மனியில் காற்புள்ளியைத்தான் தசமப் புள்ளியாக எழுதுகிறார்கள். அந்நாட்டுத் தளத்தில் 12,50 என்று இருந்தால் அது பன்னிரண்டரை. காற்புள்ளியை நீக்கினால் ஆயிரத்து இருநூற்றைம்பதாகிவிடும்!

சில நாட்களில் எண்ணுக்குப் பதில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும். அன்று வியாபாரம் நடக்கவில்லை என்று அதற்குப் பொருள். அதைச் சுழியம் என்று எழுதிவிடக் கூடாது. நான்கு நாள் விலைகள் 100, 102, கோடு, 104 என்று இருக்கட்டும். கோட்டை விட்டுவிட்டுச் சராசரி கண்டால் 102. கோட்டைச் சுழியமாக எண்ணினால் சராசரி 76.5. 'தெரியாது' என்பது வேறு. 'ஒன்றுமில்லை' என்பது வேறு.

நான்காம் படி: நாளையும் நேரத்தையும் குறி. இது எளிய படி போலத் தோன்றும். நியூயார்க் பங்குச் சந்தை அங்கு மாலை 4 மணிக்கு மூடுகிறது. அப்போது இந்தியாவில் கோடைக்கால நேரப்படி மறுநாள் அதிகாலை 1.30, குளிர்காலத்தில் 2.30. நம் வீட்டுக் கணிப்பொறியின் தேதியை அப்படியே எழுதினால் திங்கட்கிழமை விலை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் ஏறிவிடும். எனவே பக்கத்தில் குறிப்பிட்டுள்ள சந்தை நாளையும், நாம் எடுத்த நேரத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: சேமி. ஒவ்வொரு நாள் விவரத்தையும் ஒரு வரியாகக் கோப்பின் கடைசியில் சேர்க்க வேண்டும். விவரங்களுக்கு இடையே காற்புள்ளி வைத்து எழுதும் சி.எஸ்.வி. கோப்பு எளியது, எந்தக் கணிப்பொறியிலும் திறக்கும். ஒரே நாளின் வரி இரு முறை ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் நிரலுக்குச் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: பொறுத்திருந்து மறுபடி செய். ஒரு கம்பெனிக்கும் அடுத்த கம்பெனிக்கும் நடுவே சில விநாடி இடைவெளி விட வேண்டும். எல்லாம் முடிந்தால் மறுநாள் குறித்த நேரத்தில் தானாகவே தொடங்கும்படி கணிப்பொறியிடம் சொல்லி வைக்கலாம். இதற்கென 'கிரான்' போன்ற நேரக் காவலர்கள் உள்ளன.

தேதியில்லாத ஒரு பக்கம்

நான்காம் படியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உண்மையான சான்று உண்டு. அமெரிக்க விமானக் கம்பெனியான யுனைடெட் ஏர்லைன்ஸ் 2002 டிசம்பரில் கடன் சுமை தாங்காமல் திவால் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடியது. 2006இல் அந்த நிலையிலிருந்து மீண்டு வந்தது. 2002இல் வெளியான செய்திக் கட்டுரை ஒன்று ஃபுளோரிடா மாநிலச் செய்தித்தாளின் வலைத்தளத்தில் பழைய ஏடுகளோடு கிடந்தது.

2008 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. அக்கட்டுரைக்கான இணைப்பு, அந்தத் தளத்தில் அதிகம் படிக்கப்படும் செய்திகளின் பட்டியலில் எப்படியோ வந்துவிட்டது. செய்திகளைத் திரட்டும் கூகுள் நிறுவனத்தின் நிரல் அவ்வழியாகப் போனது. இணைப்பு புதிது, கட்டுரை முதலில் வெளியான தேதி பக்கத்தில் காணப்படவில்லை. நிரல் அதைப் புதிய செய்தி என்று எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை, தேடலில் அது ஒருவர் கண்ணில் பட்டு, முதலீட்டாளர்கள் பார்க்கும் திரைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. யுனைடெட் மறுபடியும் திவால் என்று பலர் நினைத்தார்கள். சுமார் 12 டாலராக இருந்த பங்கு சில நிமிடங்களில் 3 டாலருக்குச் சரிந்தது. நாஸ்டாக் சந்தை அந்தப் பங்கின் வியாபாரத்தை நிறுத்தி வைத்தது. உண்மை தெரிந்த பிறகு வியாபாரம் மீண்டும் தொடங்கி, அன்று மாலை விலை 10.92 டாலரில் நின்றது.

அந்தச் சில நிமிடங்களில் பயந்துபோய் 3 டாலருக்கும் 4 டாலருக்கும் விற்றவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கட்டுரையில் இருந்த எழுத்துகள் ஒன்றும் மாறவில்லை. அதில் சொன்னதும் 2002ஆம் ஆண்டைப் பொறுத்தவரை உண்மைதான். இல்லாமல் போனது தேதி ஒன்றே. தேதி இல்லாத உண்மை, பொய்யின் வேலையைச் செய்துவிட்டது.

விழாத விலை விழுந்தது

இனி வேறொரு வகைத் தொல்லையைப் பார்ப்போம். 2020 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை, ஆப்பிள் கம்பெனியின் ஒரு பங்கின் இறுதி விலை 499.23 டாலர். அடுத்த வியாபார நாளான ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை, இறுதி விலை 129.04 டாலர். நம் நிரல் இரண்டு எண்களையும் பிழையில்லாமல் எடுத்திருக்கும். தேதியும் சரி. கழித்துப் பார்த்தால் 370.19 டாலர் இறக்கம். நூற்றுக்கு 74 வீதம் சரிவு! உலகின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்று ஒரே நாளில் முக்கால் பாகம் மதிப்பிழந்துவிட்டதா?

இல்லை. அன்று ஆப்பிள் தன் பங்கு ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தது. ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் இப்போது நான்கு பங்குகள். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து நான்கு இருபத்தைந்து ரூபாயாக வாங்கிக்கொள்வது போன்றது இது, மதிப்பு மாறாது. ஆகவே வெள்ளிக்கிழமை விலையை 4ஆல் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும். 499.23ஐ 4ஆல் வகுத்தால் 124.81. அதிலிருந்து 129.04 என்பது 4.23 டாலர் ஏற்றம்; நூற்றுக்கு 3.4 வீதம். நிரல் 'பெருஞ்சரிவு' என்று காட்டிய நாள், உண்மையில் விலை ஏறிய நாள்!

இதற்குப் பரிகாரம் என்ன? 'ஒரே நாளில் 20 வீதத்துக்கு மேல் மாறினால் அது தவறு. அழித்துவிடு' என்று கட்டளையிடலாமா? கூடாது. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 22.6 வீதம் உண்மையாகவே விழுந்தது. அழிக்கும் நிரல் சரித்திரத்தின் மிக முக்கியமான நாளையே அழித்திருக்கும். அப்படிப்பட்ட எண்ணை நிரல் அழிக்கவும் கூடாது, மௌனமாக ஏற்கவும் கூடாது. அதன்மேல் ஓர் அடையாளம் இட்டு மனிதரிடம் காட்ட வேண்டும். பிரிப்பா, பிழையா, உண்மைச் சரிவா என்று அவர் விசாரித்து முடிவு செய்வார்.

எனவே சேமிக்கும் ஒவ்வொரு வரியிலும் விலை மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கம்பெனி, எந்தச் சந்தை, எந்த நாள், எந்த நாணயம், எந்தத் தளத்திலிருந்து, எப்போது எடுத்தது என்பனவும் இருக்க வேண்டும். பிரிப்புக்கு ஏற்பத் திருத்திய விலையைத் தனிப் பத்தியில் எழுதி, எடுத்த விலையை மாற்றாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அளந்த அளவை அழித்து எழுதக் கூடாது என்று உங்கள் ஆசிரியர் சொல்வார் அல்லவா? அதே விதிதான்.

பிறர் வாசலில் நடந்துகொள்ளும் முறை

வலைத்தளம் ஒருவருடைய இடம். நாம் அங்கே விருந்தாளிகள். ஒரு மனிதர் நிமிடத்துக்கு நாலைந்து பக்கங்களைப் பார்ப்பார். நிரலோ விநாடிக்கு நூறு பக்கங்களைக் கேட்க வல்லது. ஆயிரம் பேர் இப்படிப்பட்ட நிரலை ஓட்டினால் சர்வருக்கு விநாடிக்கு ஒரு லட்சம் வேண்டுகோள்கள் வந்து குவியும். மற்றவர்களுக்குப் பக்கமே திறக்காது.

இதற்காக 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் ஓர் ஏற்பாட்டை முன்மொழிந்தார். ஒவ்வொரு தளமும் 'ரோபாட்ஸ்' என்ற பெயரில் ஒரு சிறு கோப்பை வாசலில் வைக்கலாம். தானியங்கி நிரல்கள் எந்தப் பகுதிக்குள் வரலாம், எதற்குள் வரக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அது பூட்டு அன்று, அறிவிப்புப் பலகை. நல்ல நிரல் முதலில் அதைப் படிக்கும். தளத்தின் பயன்பாட்டு விதிகளையும் நாம் படிக்க வேண்டும். தடை என்று எழுதியிருந்தால் அங்கே எடுக்கக் கூடாது.

பல நேரங்களில் பக்கத்தைச் சுரண்ட வேண்டிய தேவையே இராது. இந்தியப் பங்குச் சந்தைகள் ஒவ்வொரு நாள் வியாபாரமும் முடிந்த பின் எல்லாப் பங்குகளின் விலையையும் ஒரே கோப்பாக வெளியிடுகின்றன. அதற்குப் 'பவ்காப்பி' என்று பெயர். 'பவ்' என்றால் விலை. அமெரிக்காவில் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம், கம்பெனிகள் தரும் அறிக்கைகளை 'எட்கர்' என்ற தளத்தில் வைத்து, நிரல்களையும் அனுமதிக்கிறது. ஆனால் விநாடிக்குப் பத்து வேண்டுகோளுக்கு மேல் கூடாது. நிரலை அனுப்புபவர் தம்மை இன்னார் என்று தெரிவிக்க வேண்டும். நேர்வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே அறிவுடைமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேற்றுவரை நடந்த விலையை நிரல் எடுத்துத் தரும். நாளைய விலையை அது தராது. பத்தாண்டுக் கணக்கு கையில் இருப்பதால் லாபம் நிச்சயம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். விலைகளைத் திரட்டிக் கற்க ஒரு பங்குகூட வாங்க வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாதவர்கள் வகுப்பில் ஒரு விளையாட்டாகச் செய்யலாம். ஒரு மாணவர் நாளிதழின் விலை அட்டவணையை வைத்துக்கொள்ளட்டும், அவர் வலைத்தளம். மற்றொருவர் நிரல். மூன்றாமவர் ஒரு தாளில் கட்டளைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். நிரலாக இருப்பவர் தாளில் உள்ளதை மட்டும் செய்ய வேண்டும். தம் புத்தியைப் பயன்படுத்தக் கூடாது. வலைத்தள மாணவர் இடையில் ஒரு பத்தியை மறைக்கட்டும். ஒரு விலைக்குப் பதில் கோடு போடட்டும். கட்டளைத் தாளில் எத்தனை ஓட்டைகள் என்று தெரிந்துவிடும்.

கணிப்பொறி உள்ளவர்களுக்குப் பயிற்சிக்கென்றே திறந்து வைத்த ஒரு தளம் உண்டு. 'புக்ஸ் டு ஸ்கிரேப்' என்று அதற்குப் பெயர். கற்பனைப் புத்தகக் கடையான அதில் 50 பக்கங்களில் 1,000 புத்தகங்களும் விலைகளும் உள்ளன. உங்கள் நிரல் திரட்டிய வரிகளை எண்ணிப் பாருங்கள். 1,000 வந்தால் சரி. 980 வந்தால் எந்தப் பக்கம் விட்டுப்போயிற்று என்று தேடுங்கள். எத்தனை வரவேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது, திரட்டியதைச் சரிபார்க்கும் முதல் வழி.

கடைசியாக மூன்று கேள்விகள்:

1. ஒரு பங்கின் விலை வியாழக்கிழமை 840 ரூபாய். வெள்ளிக்கிழமை 420 ரூபாய். இதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்? எது உண்மை என்று எங்கே போய் விசாரிப்பீர்கள்?

2. ஐம்பது கம்பெனிகளுக்கு அனுப்பிய நிரல் 49 விலைகளோடு திரும்பி வந்தது. விடுபட்டதற்கு நேற்றைய விலையையே எழுதிக்கொள்ளலாம் என்கிறான் உங்கள் நண்பன். அவனுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

3. ஐந்து நாட்களாக ஒரே விலை, ஒரு பைசாகூட மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. விலைதான் அசையாமல் நிற்கிறதா, அல்லது பக்கம்தான் புதுப்பிக்கப்படவில்லையா? இதை நிரலே கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்லும்படி ஒரு கட்டளை எழுதுங்கள். மாறாத எண்ணையும் சந்தேகிக்க உங்கள் நிரலுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், அது திரட்டித் தரும் கணக்கை நம்பலாம்.